ஏடிஎஃப் 4351 சின்தசைசர்: ரெஜிஸ்டர்களில் எழுதுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடிஎஃப் 4351 ஒரு சின்தசைசர், அதாவது ஒரு நிலையான அதிர்வெண்ணிலிருந்து வேறு அதிர்வெண்களை உருவாக்கும் சிப். அது 35 மெகாஹெர்ட்ஸிலிருந்து 4400 மெகாஹெர்ட்ஸ் வரை எந்த அதிர்வெண்ணையும் தரக்கூடியது. 25 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டருடன் சின்னப் பலகையாக எளிதில் கிடைக்கிறது. இந்தச் சிப்பின் ரெஜிஸ்டர்களில் (அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவிடங்களில்) எழுதத்தான் முடியும், எழுதியதைத் திரும்பப் படிக்க முடியாது. தவறான எண்ணைக் கொடுத்தாலும் அது எந்த மறுப்பும் சொல்லாது. ஆகவே கணக்கை ஒரு முறையாவது தாளில் போட்டுப் பார்ப்பதுதான் இங்கே பாதி வேலை. கீழே உள்ள எண்கள் அனைத்தும் 25 மெகாஹெர்ட்ஸ் பலகைக்கும் 433.92 மெகாஹெர்ட்ஸ் வெளியீட்டுக்கும் போட்டவை.

எந்தெந்த வயர்களை இணைக்க வேண்டும்? ஆர்டுயினோ ஊனோவை நேராக இணைக்கலாமா?

மூன்று சிக்னல் வயர்கள்: கிளாக், டேட்டா, எல்ஈ (அனுப்பியதைப் பதியச் சொல்லும் வயர்). இவற்றோடு கிரவுண்டும் பொதுவாக இருக்க வேண்டும். சிப்பை இயக்கும் சிஇ பின்னை 3.3 வோல்ட்டில் வைக்க வேண்டும். அது கீழே இருந்தால் சிப் உறங்கிக் கிடக்கும். வெளியீட்டை அடைக்கும் பிடிபிஆர்எஃப் பின் தனியாக வெளியே வந்திருந்தால் அதையும் மேலே வையுங்கள்.

ஊனோவை நேராக இணைக்கக் கூடாது. அதன் பின்கள் 5 வோல்ட் தரும், சிப் 3.0 முதல் 3.6 வோல்ட் வரை மட்டுமே ஓடுவது. மூன்று வயர்களிலும் வரிசையாக 1 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் போட்டால் 5 வோல்ட் 3.3 ஆகிவிடும். 3.3 வோல்ட்டில் ஓடும் இஎஸ்பி 32, ராஸ்பெரி பை பிகோ போன்றவற்றுக்கு இந்த ரெசிஸ்டர்கள் தேவையில்லை.

பலகைக்கான மின்சாரத்தை ஊனோவின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து எடுக்காதீர்கள். அது 50 மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காது. சிப்புக்கு 100 மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும். அப்படி எடுத்தால் பலகை விளக்கு எரியும், ஆனால் சிப் லாக் ஆகாது (கேட்ட அதிர்வெண்ணில் நிலைத்து நிற்காது) அல்லது விட்டுவிட்டு லாக் ஆகும். தேடுபவர்களோ நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு ரெஜிஸ்டர் எப்படி உள்ளே போகிறது?

ஒவ்வொன்றும் 32 பிட். எல்ஈயைக் கீழே இறக்கி, உயர் பிட்டிலிருந்து தொடங்கி 32 பிட்களையும் அனுப்ப வேண்டும். கிளாக் மேலேறும் தருணத்தில் சிப் டேட்டாவைப் பிடித்துக்கொள்ளும். 32ஆவது பிட் போனதும் எல்ஈயை மேலே தூக்கினால் மொத்தமும் உரிய ரெஜிஸ்டருக்குள் இறங்கும். கடைசி மூன்று பிட்கள்தான் முகவரி: 0 முதல் 5 வரை ஆறு ரெஜிஸ்டர்கள்.

எஸ்பிஐ நூலகத்தில் மோட் 0, உயர் பிட் முதலில், நான்கு பைட்டுகள். எல்ஈயை நூலகத்தின் பொறுப்பில் விடாமல் நீங்களே இறக்கி ஏற்றுங்கள். பைட்டுக்குப் பைட் அது மேலே போய்வந்தால் ஒவ்வொரு 8 பிட்டுக்கும் சிப் அரைகுறையாக எதையோ பதிந்துகொள்ளும். வேகம் 1 மெகாஹெர்ட்ஸ் போதும். சிப் 20 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும் என்றாலும் ரெசிஸ்டர் வழியாகப் போகும் சிக்னல் அவ்வளவு கூர்மையாக இருக்காது.

படிக்க முடியாத சிப்பில், நான் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மக்ஸ்அவுட் பின்தான் வழி. ரெஜிஸ்டர் 2-இன் 28 முதல் 26 வரையிலான மூன்று பிட்கள் அந்தப் பின்னில் என்ன வர வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. அங்கே 1 எழுதினால் பின் 3.3 வோல்ட்டுக்குப் போகும். 2 எழுதினால் பூஜ்யத்துக்கு வரும். ரெஜிஸ்டர் 2-க்கு முதலில் 67128898 அனுப்பி மல்டிமீட்டரில் பாருங்கள், பிறகு 134237762 அனுப்பிப் பாருங்கள். வோல்ட்டேஜ் மேலும் கீழும் மாறினால் வயர், மின்னழுத்தம், பிட் வரிசை, எல்ஈ எல்லாம் சரி. இந்தச் சோதனையை முடிக்காமல் அதிர்வெண் கணக்குக்குள் போக வேண்டாம். ஐந்து நிமிட வேலை, ஒரு நாள் தேடலைத் தவிர்க்கும்.

அடுத்து ஆஸிலேட்டர் உயிரோடு இருக்கிறதா என்றும் இதே பின்னில் பார்க்கலாம். 3 எழுதினால், ஆஸிலேட்டரின் அதிர்வெண்ணை வகுக்கும் ஆர் கவுண்டரின் வெளியீடு வரும். ஆர் மதிப்பை 25 ஆக்கினால் 1 மெகாஹெர்ட்ஸில் குறுகிய துடிப்புகள் ஆஸிலோஸ்கோப்பில் தெரியும். அதற்கான எண் 201739842. இதை எழுதிய பிறகு ரெஜிஸ்டர் 0-ஐயும் ஒரு முறை எழுத வேண்டும், இல்லாவிட்டால் புது ஆர் மதிப்பு நடைமுறைக்கு வராது. காரணம் பின்னால் வருகிறது.

433.92 மெகாஹெர்ட்ஸுக்கான கணக்கை முழுதாகக் காட்டுங்கள்.

சிப்பின் உள்ளே இருக்கும் விசிஓ (மின்னழுத்தத்தால் அதிர்வெண் மாறும் ஆஸிலேட்டர்) 2200 முதல் 4400 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே ஓடும். அதற்குக் கீழே வேண்டியதை 2, 4, 8, 16, 32, 64 ஆல் வகுத்துத் தருகிறது. 275 முதல் 550 மெகாஹெர்ட்ஸ் வரை வகுக்கும் எண் 8. ஆக விசிஓ ஓட வேண்டியது 433.92 × 8 = 3471.36 மெகாஹெர்ட்ஸ்.

விசிஓவைப் பலகையின் ஆஸிலேட்டருடன் (ரெஃபரன்ஸ்) ஒப்பிடும் பகுதி ஃபேஸ் டிடெக்டர், சுருக்கமாக பிஎஃப்டி. ஆர் மதிப்பு 1 என்றால் அது 25 மெகாஹெர்ட்ஸில் ஓடும். எனவே 3471.36-ஐ 25 ஆல் வகுத்தால் 138.8544. முழுப்பகுதி 138, இதுதான் ஐஎன்டி. மிச்சம் 0.8544-ஐப் பின்னமாக்க வேண்டும்: 8544/10000. இரண்டையும் 16 ஆல் வகுத்தால் 534/625. மேலே உள்ளது ஃப்ராக், கீழே உள்ளது மாட். மாட் 2 முதல் 4095 வரை இருக்கலாம், ஃப்ராக் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இங்கே பின்னம் மீதமின்றிப் பொருந்திவிட்டது, அதிர்வெண் துல்லியமாக வரும்.

இனி ரெஜிஸ்டர்கள். ஒரு புலம் 15ஆம் பிட்டில் தொடங்கினால் அதை 2-இன் 15ஆம் அடுக்கான 32768 ஆல் பெருக்க வேண்டும். 3ஆம் பிட்டில் தொடங்கினால் 8 ஆல். எல்லாவற்றையும் கூட்டி, கடைசியில் முகவரியைச் சேர்த்தால் எழுத வேண்டிய எண் கிடைக்கும். வழக்கமாக இவை பதினாறடிமான எண்களாக எழுதப்படும். நிரலுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் எந்தப் புலம் எங்கே சேர்ந்தது என்பது கூட்டலில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

ரெஜிஸ்டர் 0: ஐஎன்டி 138 × 32768 = 4521984. ஃப்ராக் 534 × 8 = 4272. முகவரி 0. மொத்தம் 4526256.

ரெஜிஸ்டர் 1: பிரீஸ்கேலரை (விசிஓ அலையை முதலில் வகுக்கும் பகுதி) 8/9-இல் வைக்க 27ஆம் பிட், 134217728. ஃபேஸ் மதிப்பு 1 × 32768. மாட் 625 × 8 = 5000. முகவரி 1. மொத்தம் 134255497.

ரெஜிஸ்டர் 2: மக்ஸ்அவுட்டில் டிஜிட்டல் லாக் அறிவிப்பு வர 6 × 67108864 = 402653184. ஆர் கவுண்டர் 1 × 16384. விசிஓவைத் திருத்தும் சார்ஜ் பம்ப்பின் மின்னோட்டம் 2.5 மில்லி ஆம்பியருக்கு 7 × 512 = 3584. ஃபேஸ் டிடெக்டரின் துருவம் நேர் என்பதற்கு 64. முகவரி 2. மொத்தம் 402673218.

ரெஜிஸ்டர் 3: கிளாக் டிவைடர் 150 × 8 = 1200. முகவரி 3. மொத்தம் 1203. சாதாரணப் பயன்பாட்டில் இந்த 150 எதையும் செய்வதில்லை, அப்படியே விட்டுவிடலாம்.

ரெஜிஸ்டர் 4: ஃபீட்பேக்கை விசிஓவிலிருந்தே எடுக்க 8388608. வகுக்கும் எண் 8 என்பது 2-இன் மூன்றாம் அடுக்கு, எனவே 3 × 1048576 = 3145728. விசிஓவுக்கு உரிய பேண்டை, அதாவது அதிர்வெண் பட்டையைத் தேடும் கிளாக்குக்கான பேண்ட் செலக்ட் டிவைடர் 200 × 4096 = 819200. வெளியீட்டைத் திறக்க 32. வெளியீட்டுத் திறன் +5 டிபிஎம்முக்கு 3 × 8 = 24. முகவரி 4. மொத்தம் 12353596.

ரெஜிஸ்டர் 5: எல்டி பின்னில் லாக் அறிவிப்புக்கு 4194304. 20, 19ஆம் பிட்கள் இரண்டும் கட்டாயம் 1 ஆக இருக்க வேண்டியவை, 1572864. முகவரி 5. மொத்தம் 5767173.

ஏன் 5-இல் தொடங்கி 0-இல் முடிக்க வேண்டும்?

மின்சாரம் வந்த உடனே ரெஜிஸ்டர்களில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது, அதனால் ஆறையும் எழுத வேண்டும். ரெஜிஸ்டர் 0 எழுதப்படும்போதுதான் சிப் தன் விசிஓவுக்கு உரிய பேண்டைத் தேடத் தொடங்குகிறது. உள்ளே மூன்று விசிஓக்கள், ஒவ்வொன்றிலும் 16 பேண்டுகள் இருக்கின்றன. தேடல் தொடங்கும்போது மற்ற எல்லா மதிப்புகளும் தயாராக இருக்க வேண்டும் என்பதால் 0 கடைசி.

மாட் மதிப்பை மாற்றி ரெஜிஸ்டர் 1-ஐ எழுதினேன், அதிர்வெண் அசையவே இல்லை. ஏன்?

மாட், ஃபேஸ், ஆர் கவுண்டர், ரெஃபரன்ஸ் டபுளர், இரண்டால் வகுக்கும் பிட், சார்ஜ் பம்ப் மின்னோட்டம் ஆகியவை இரட்டைத் தாங்கல் உள்ளவை. எழுதியது ஒரு காத்திருப்பு அறையில் நிற்கும். அடுத்து ரெஜிஸ்டர் 0 எழுதப்படும்போதுதான் உள்ளே போகும். ஐஎன்டி, ஃப்ராக் மாறாவிட்டாலும் அதே எண்ணை ரெஜிஸ்டர் 0-க்கு மறுபடி எழுதுங்கள்.

மாட்டை மாற்றாமல் நகரும்போது ரெஜிஸ்டர் 0 மட்டும் போதும். 434.42 மெகாஹெர்ட்ஸுக்குப் போக வேண்டும் என்றால் விசிஓ 3475.36, ஐஎன்டி 139, ஃப்ராக் 9, மாட் அதே 625. எழுத வேண்டியது 4554824 மட்டுமே. 550 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால் வகுக்கும் எண் 4 ஆகிவிடும். அப்போது ரெஜிஸ்டர் 4-ஐ முதலில் எழுதி, பிறகு 0.

தாளில் கணக்கு சரி, நிரல் தரும் எண் தப்பு. எங்கே பார்ப்பது?

மூன்று இடங்களில். முதலாவது, ஊனோ போன்றவற்றில் உள்ள 8 பிட் ஏவிஆர் மைக்ரோகண்ட்ரோலர்களில் சாதாரண முழு எண் 16 பிட்தான். 138-ஐ 15 இடம் இடப்பக்கம் நகர்த்தினால் உயர் பிட்கள் விளிம்பைத் தாண்டி உதிர்ந்துவிடும். நகர்த்துவதற்கு முன்பே 32 பிட் குறியற்ற எண்ணாக மாற்றியிருக்க வேண்டும். நகர்த்திய பிறகு மாற்றிப் பயனில்லை.

இரண்டாவது, அதே ஏவிஆர்களில் டபுள் என்று அறிவித்தாலும் கிடைப்பது 32 பிட் ஃப்ளோட்டுதான். 3471360000 அளவிலான எண்ணில் அதன் அடுத்தடுத்த மதிப்புகளுக்கு இடையே 256 ஹெர்ட்ஸ் இடைவெளி. பின்னம் தப்பாக வர இது போதும்.

மூன்றாவது, ஹெர்ட்ஸில் கணக்கிட்டால் 32 பிட் எண்ணின் உச்சம் 4294967295. அதாவது 4.29 கிகாஹெர்ட்ஸ் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும், 4.3-இல் திடீரென்று உடையும். 64 பிட் முழு எண்ணில் கணக்கிடுங்கள், அல்லது அலகை 10 ஹெர்ட்ஸாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிரீஸ்கேலர் 4/5-ஆ, 8/9-ஆ?

4/5 விசிஓ 3600 மெகாஹெர்ட்ஸ் வரைதான் செல்லுபடி. ஐஎன்டி குறைந்தது 23 இருந்தால் போதும். 8/9 முழு வீச்சுக்கும் செல்லும், ஆனால் ஐஎன்டி 75-க்குக் குறையக் கூடாது. ஃபேஸ் டிடெக்டர் 25 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது மிகக் குறைந்த விசிஓ அதிர்வெண்ணான 2200-க்கும் ஐஎன்டி 88. எனவே 8/9-ஐப் போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

சில அதிர்வெண்களில் லாக் ஆகிறது, சிலவற்றில் ஆவதே இல்லை.

பெரும்பாலும் பேண்ட் செலக்ட் டிவைடர்தான். பேண்டைத் தேடும் கிளாக் சாதாரண நிலையில் 125 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. 25 மெகாஹெர்ட்ஸை 200 ஆல் வகுத்தால் மிகச் சரியாக 125 கிலோஹெர்ட்ஸ். 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸுக்கு எழுதிய நிரலில் இந்த எண் 80 என்று இருக்கும். அதை 25 மெகாஹெர்ட்ஸ் பலகையில் அப்படியே ஓட்டினால் கிளாக் 312.5 கிலோஹெர்ட்ஸ் ஆகிறது. தேடல் முடியுமுன் சிப் ஏதோ ஒரு பேண்டில் நின்றுவிடும். அந்தப் பேண்ட் தற்செயலாகப் பொருந்தினால் லாக், இல்லாவிட்டால் இல்லை. அறை சூடாகும்போது லாக் போவதும் இதன் அறிகுறிதான்.

பேண்ட் செலக்ட் சரியாக இருந்தும் லாக் தடுமாறினால், சார்ஜ் பம்ப்புக்கும் விசிஓவுக்கும் நடுவே இருக்கும் லூப் ஃபில்டரைப் பாருங்கள். பலகையில் உள்ள ஃபில்டர் ஒரு குறிப்பிட்ட பிஎஃப்டி அதிர்வெண்ணுக்கும் சார்ஜ் பம்ப் மின்னோட்டத்துக்கும் கணக்கிட்டது. சின்னப் படி வேண்டும் என்பதற்காக ஆர் கவுண்டரை 250 ஆக்கி பிஎஃப்டியை 100 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால், லூப் அகலம் பிஎஃப்டியில் பத்தில் ஒன்றுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி உடைந்து லூப் ஊசலாடும். சின்னப் படிக்கு மாட் இருக்கிறது. ஆரைத் தொடாதீர்கள்.

1 ஹெர்ட்ஸ் படி கிடைக்குமா?

எல்லா இடத்திலும் கிடைக்காது. மாட் 12 பிட்தான். 4095-ஐப் போட்டால் விசிஓவில் படி சுமார் 6.1 கிலோஹெர்ட்ஸ், 8 ஆல் வகுத்த பிறகு சுமார் 763 ஹெர்ட்ஸ். மாட்டை நிலையாக வைக்காமல் 2 முதல் 4095 வரை ஒவ்வொன்றையும் நிரலில் முயன்று மிக நெருங்கிய பின்னத்தை எடுத்தால் பிழை பல இடங்களில் வெகுவாகக் குறையும். ஆனால் முழு எண்ணுக்கு மிக அருகே இந்த வித்தை எடுபடாது: 0-க்கும் 1/4095-க்கும் நடுவே வேறு பின்னமே இல்லை.

அதைவிட ஆஸிலேட்டரின் பிழை பெரிதாக இருக்கலாம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகினால் 433.92 மெகாஹெர்ட்ஸில் 434 ஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். அளந்து பார்த்து, நிரலில் 25000000 என்ற இடத்தில் உண்மையான மதிப்பைப் போடுங்கள்.

ஃப்ராக் 0 ஆக இருக்கும்போது தனியாக ஏதாவது மாற்ற வேண்டுமா?

மாற்றாமலும் ஓடும், மாற்றினால் சுத்தமாக ஓடும். முழு எண் நிலையில் ரெஜிஸ்டர் 2-இல் 8, 7ஆம் பிட்களுக்காக 384 சேர்க்க வேண்டும்: 402673602. ரெஜிஸ்டர் 3-இல் 22, 21ஆம் பிட்களுக்காக 6291456 சேர்க்க வேண்டும்: 6292659. இவை லாக் அறிவிப்பின் அளவுகோலையும் ஃபேஸ் டிடெக்டரின் துடிப்பு அகலத்தையும் முழு எண் நிலைக்கு ஏற்றவையாக்கும். 437.5 மெகாஹெர்ட்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: விசிஓ 3500, ஐஎன்டி 140, ரெஜிஸ்டர் 0-க்கு 4587520. பின்ன நிலைக்குத் திரும்பும்போது நான்கு பிட்களையும் மறக்காமல் 0 ஆக்குங்கள்.

அலைக்கு இரு பக்கமும் சின்ன முட்கள் தெரிகின்றன. எதை மாற்றுவது?

முதலில் அவை எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அளக்க வேண்டும். மேலே சொன்ன 434.42-ஐ எடுத்துக்கொள்வோம். விசிஓ 3475.36, அருகில் 25-இன் மடங்கான 3475 இருக்கிறது. இடைவெளி 0.36 மெகாஹெர்ட்ஸ். வெளியீட்டிலும் மையத்திலிருந்து 360 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இரு பக்கமும் முட்கள் நிற்கும். 8 ஆல் வகுப்பதால் அவற்றின் உயரம் 18 டெசிபெல் இறங்கும், இடைவெளி மாறாது. 433.92-இல் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் மடங்கு 3.64 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருப்பதால் லூப் ஃபில்டரே அவற்றை விழுங்கிவிடுகிறது.

ரெஜிஸ்டர் 2-இன் 30, 29ஆம் பிட்களை 1 ஆக்கினால் வரும் குறைந்த முள் நிலை, பின்னத்தால் வரும் முட்களைப் பரப்பிவிடும், பதிலுக்கு இரைச்சல் சற்று ஏறும். மடங்குக்கு அருகே வரும் முட்களுக்கு அது மருந்தல்ல. ஆர் கவுண்டரை மாற்றியும் பயனில்லை: 25-ஐ எந்த முழு எண்ணால் வகுத்தாலும் 3475 அதன் மடங்காகவே இருக்கும். ரெஃபரன்ஸையே மாற்ற வேண்டும். 10 மெகாஹெர்ட்ஸ் கொடுத்து, ரெஜிஸ்டர் 2-இல் 33554432 சேர்த்து டபுளரைப் போட்டால் பிஎஃப்டி 20 மெகாஹெர்ட்ஸ். அருகிலுள்ள மடங்கு 3480, இடைவெளி 4.64 மெகாஹெர்ட்ஸ். அப்போது பேண்ட் செலக்ட் டிவைடர் 160. ஐஎன்டி, ஃப்ராக், மாட் மூன்றையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். பின்ன நிலையில் பிஎஃப்டியின் உச்சவரம்பு 32 மெகாஹெர்ட்ஸ் என்பதால் 25 மெகாஹெர்ட்ஸ் பலகையில் டபுளரைத் தொடக் கூடாது.

வெளியீட்டை நேராக ஆன்டெனாவில் மாட்டலாமா?

வேண்டாம். வெளியே வருவது சைன் அலை அல்ல, சதுர அலைக்கு நெருங்கியது. மூன்றாம் ஹார்மோனிக் அடிப்படை அலையைவிட ஏறத்தாழ 10 டெசிபெல் மட்டுமே கீழே இருக்கும், 433.92-க்கு அது 1301.76 மெகாஹெர்ட்ஸ். லோ பாஸ் ஃபில்டரும், அந்த அலைவரிசையில் ஒலிபரப்ப உரிமமோ விலக்கோ இல்லாமல் ஆன்டெனாவின் பக்கம் போகக் கூடாது. மேசைச் சோதனைக்கு 20 டெசிபெல் அட்டெனுவேட்டர் போட்டு அளவியில் பாருங்கள். பயன்படுத்தாத இரண்டாவது வெளியீட்டில் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டினால் அளவு ஒழுங்காக வரும்.

அதிர்வெண் மாறும் இடைவேளையில் கண்ட இடத்திலெல்லாம் அலை போகாமலிருக்க, ரெஜிஸ்டர் 4-இல் 1024 சேருங்கள். லாக் ஆகும் வரை வெளியீடு அடைந்தே இருக்கும்.

இதே எண்கள் ஏடிஎஃப் 4350-க்கும் பொருந்துமா?

433.92-க்கு மேலே கொடுத்த ஆறு எண்களும் பொருந்தும். ஆனால் 4350-இல் வகுக்கும் எண் 16 வரைதான், எனவே 137.5 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே போகாது. பிரீஸ்கேலர் 4/5-இன் எல்லை அங்கே 3000 மெகாஹெர்ட்ஸ். ரெஜிஸ்டர் 3-இல் முழு எண் நிலைக்காகச் சேர்த்த 22, 21ஆம் பிட்கள் அந்தச் சிப்பில் இல்லை. அங்கே 1203-ஐயே எழுதுங்கள்.